முகூர்த்த நாளில் தேர்வு வைக்காதீர்கள்

எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் பாடவேளை அட்டவணைக்குப் பக்கத்தில் ஒரு தினசரிக் காலண்டர் தொங்கும். வருஷா வருஷம் கரையான்சாவடியில் ஏதாவது ஒரு கடையில் வாங்கிவந்து மாட்டுவது என் வேலை. அலகுத் தேர்வுக்கு நாள் குறிக்கும்போது மற்றவர்கள் பாடம் முடிந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். நான் அன்றைக்கு முகூர்த்தம் உண்டா என்று பார்ப்பேன். "கணக்கு மிஸ் கல்யாண புரோக்கர் வேலைக்குப் போறாங்களா?" என்று தமிழய்யா கிண்டல் செய்வார்.

இந்தப் பழக்கம் எனக்கு ஒரு தை மாதத்தில் வந்தது. உடன் வேலை பார்த்த ஆசிரியை வீட்டுக் கல்யாணம், பூந்தமல்லி டிரங்க் ரோடு பக்கம் ஒரு மண்டபத்தில் வரவேற்பு. பந்தியில் உட்கார்ந்தேன். இலை போட வந்த பையன் வெள்ளைச் சட்டை, கையுறை, தலையில் வலைத் தொப்பி. என்னைப் பார்த்ததும் இலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டான். பத்தாம் வகுப்பு 'பி' பிரிவு, மூன்றாவது பெஞ்சு. பின்னால் சாம்பார் வாளியோடு வந்தவனும் 'பி' பிரிவு. ஐஸ்கிரீம் மேசையில் ஒருவன். நான் சாப்பிட்டு எழுந்திருப்பதற்குள் ஐந்து பேரை எண்ணிவிட்டேன்.

"மிஸ், எச்.எம். சார்கிட்ட சொல்லிடாதீங்க" என்று ரசம் ஊற்றும் சாக்கில் ஒருவன் குனிந்து சொன்னான். சொல்லவில்லை. மறுநாள் திருப்புதல் தேர்வு. ஐந்து பேரும் வரவில்லை. ராத்திரி வரவேற்பு முடிந்து, பந்தி ஹாலிலேயே படுத்து, விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து முகூர்த்த டிபனையும் முடித்துக் கொடுத்தால்தான் பணமாம். ஒரு வேளை மட்டும் செய்துவிட்டு ஓடினால் அடுத்த தடவை கூப்பிட மாட்டார்கள். இதையெல்லாம் அப்புறம் அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

தை, மாசி, பங்குனி. கல்யாண மாதங்கள். பத்தாம் வகுப்புக்குத் திருப்புதல் தேர்வுகளும் செய்முறைத் தேர்வும் அரசுப் பொதுத்தேர்வும் அதே மாதங்களில்தான். தேர்வுத் துறையும் பஞ்சாங்கமும் இப்படி ஒரே மாதங்களைப் பங்கு போட்டுக்கொண்டால் பையன்கள் யார் பக்கம் போவார்கள்? சம்பளம் கொடுக்கிற பக்கம் போனார்கள்.

வருஷா வருஷம் ரிசல்ட் வந்ததும் பத்திரிகைகள் 'வழக்கம்போல் மாணவிகளே அதிக தேர்ச்சி' என்று போடும். 2024-இல் தமிழ்நாடு முழுக்க மாணவிகள் 94.53 சதவீதம், மாணவர்கள் 88.58. 2025-இல் மாணவிகள் 95.88, மாணவர்கள் 91.74. பெண்கள் கவனமாகப் படிக்கிறார்கள், பையன்கள் செல்போனைப் பார்க்கிறார்கள் என்று டீக்கடையில் சொல்லிவிடுவார்கள். அதில் பொய் இல்லை, பாதி விட்டுப்போகிறது. பெண் பிள்ளைகளுக்கும் வீட்டில் வேலை உண்டு. தண்ணீர் பிடிப்பது, தம்பியைக் குளிப்பாட்டி அனுப்புவது, அம்மா கம்பெனிக்குப் போனால் உலை வைப்பது. ஆனால் அந்த வேலைகள் ஒன்பது மணிக்குள் முடிந்து அவளைப் பள்ளிக்கு விட்டுவிடும். பையனுக்குக் கிடைக்கிற வேலை அவனைப் பள்ளி நேரத்தில்தான் கேட்கும். தண்ணீர் கேன் வண்டி, கோயம்பேட்டுக்குப் போகிற லோடு வண்டி, மண்டபம். பெண் பிள்ளைகளின் இழப்பு வேறு மாதிரி. ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வு முடிந்து ஊருக்குப் போனவள் ஜூனில் திரும்பி வராமல் போவது. அவள் பத்தாம் வகுப்புக் கணக்கிலேயே வருவதில்லை. அதனால் எந்தச் சதவீதத்தையும் அவள் குறைப்பதில்லை.

சென்னீர்குப்பத்துக்கு நான் குடிவந்தது 2004-இல். அந்த வருஷம்தான் பட்டதாரி ஆசிரியராக வேலை கிடைத்தது, தொகுப்பூதியத்தில். 2006 ஜூனில்தான் எங்களையெல்லாம் முறைப்படுத்தினார்கள். பழைய பென்ஷனும் கிடையாது. அந்தப் புலம்பலை இங்கே எடுக்கவில்லை. பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகிற சாலையில் அப்போது கம்பெனிகளுக்கு நடுவே காலி மனைகள் கிடந்தன. இப்போது மனைகளுக்கு நடுவே மனிதர்கள் நடக்கவே இடம் தேட வேண்டியிருக்கிறது. அந்தப் பக்கம் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலைகள், இன்னும் கொஞ்சம் தள்ளி 1960-களில் வந்த அம்பத்தூர் எஸ்டேட், இந்தப் பக்கம் ஸ்ரீபெரும்புதூர் கார் கம்பெனிகள். மூன்றுக்கும் நடுவில் குறைந்த வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் வந்து இறங்குகிற இடம் எங்கள் பக்கம்.

நான் வேலை பார்த்த பள்ளியின் பெயர் வேண்டாம். இந்தச் சாலைகளில் எங்கேயோ இருக்கிற ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி, ஆறு முதல் பத்து வரை. நான் சேர்ந்தபோது வகுப்பில் பாதிப் பேர் உள்ளூர்ப் பிள்ளைகள். அப்பாவும் அதே பள்ளியில் படித்தவர் என்று பழைய வாத்தியாருக்குத் தெரியும். பிறகு மனை விலை ஏறியது. கொஞ்சம் கையில் காசு வந்த குடும்பங்கள் முதலில் செய்தது பிள்ளையை மெட்ரிக் பள்ளி வேனில் ஏற்றியதுதான். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் ஏழை வீட்டுப் பிள்ளைகளும் எல்.கே.ஜி.யிலேயே தனியார் பள்ளிக்குப் போனார்கள். காலை எட்டு மணிக்கு எங்கள் தெருவில் மஞ்சள் வேன்கள் வரிசையாகப் போகும். அவை ஏற்றிக்கொண்டு போனது போக மிச்சமிருந்தவர்கள் எங்களிடம் நடந்து வந்தார்கள். திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். இருளர் வீட்டுப் பிள்ளைகள், சாதிச் சான்று கிடைக்காமல் பதிவேட்டில் அந்தக் கட்டம் காலியாகவே இருப்பவர்கள். ஒடிசா, பீகார் பிள்ளைகள். காவல்கார நேபாளியின் மகள்.

பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயமாக்கிய சட்டம் 2006-இல் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி, வருஷத்துக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16-இல் பத்தாம் வகுப்பைத் தொட்டது. சரியான சட்டம்தான் என்பது என் கட்சி. ஆனால் ஏழாம் வகுப்பில் வந்து சேர்ந்த ஒடிசாப் பெண்ணுக்கு அது ஆறு வகுப்பைத் தாண்டிக் குதிக்கிற சட்டம். அவள் கணக்கில் கெட்டி. காரணிப்படுத்தலைக் கண்ணாலேயே போடுவாள். தமிழ்த் தேர்வன்று மட்டும் காய்ச்சல் வரும். தமிழய்யாதான் மதிய உணவு இடைவேளையில் அவளை உட்காரவைத்து, மனப்பாடப் பாடலையும் கடிதத்தையும் படிவம் நிரப்புவதையும் ஓட்டி ஓட்டி 41 வாங்க வைத்தார். என்னைக் கிண்டல் செய்கிற அதே தமிழய்யா.

மாணவர் விவரங்களைப் பதிவு செய்கிற எமிஸ் வந்த பிறகு எங்கள் வேலையில் பாதி செல்போனுக்குள் போய்விட்டது. ஒரு பிள்ளையைப் பற்றி அதில் கேட்காத கேள்வி இல்லை. சாதி, உட்பிரிவு, ரத்தப் பிரிவு, ஆதார், வங்கிக் கணக்கு, உயரம், எடை. பி.சி. எத்தனை, எம்.பி.சி. எத்தனை, எஸ்.சி., எஸ்.சி.ஏ., எஸ்.டி. எத்தனை, அதில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று மேலிருந்து கேட்டால் ஒரு தட்டலில் வந்துவிடும். எனக்கு அதில் போதாமல் இருந்தது. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, என் கட்டங்களை நானே போட்டேன். சொந்த வீடா, வாடகையா? இது எத்தனையாவது பள்ளி? காலையில் எழுப்பி விடுவது யார்? பள்ளி விட்டதும் வேலை உண்டா? வீட்டில் உட்கார்ந்து எழுத இடம் உண்டா? கடைசிக் கட்டம், பத்தாம் வகுப்பு முடிவு.

பல வருஷம் எழுதினேன். ஆராய்ச்சி ஒன்றும் இல்லை, அதை வைத்து யாருக்கும் பாடம் சொல்லும் தகுதியும் எனக்கில்லை. ஆனாலும் பக்கங்களைப் புரட்டினால் ஒன்று கண்ணில் குத்தும். எமிஸின் சாதிக் கட்டத்தைப் பார்த்து முடிவுக் கட்டத்தை என்னால் ஊகிக்க முடிந்ததில்லை. 'எத்தனையாவது பள்ளி' கட்டத்தைப் பார்த்துப் பலமுறை ஊகித்துவிடலாம். மூன்று, நான்கு என்று இருந்தால் சிவப்பு மை வேண்டியிருக்கும்.

காரணம் வீட்டு வாடகை ஒப்பந்தம். எங்கள் பக்கத்தில் எல்லாமே பதினோரு மாத அக்ரிமெண்ட். பள்ளி ஆண்டு ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடியும். அக்ரிமெண்ட் எந்த மாதமும் தொடங்கும், எந்த மாதமும் முடியும். ஐப்பசி மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தாலும் மாறுவார்கள், வீட்டுக்காரர் ஐந்நூறு ரூபாய் ஏற்றினாலும் மாறுவார்கள். பரிவாக்கம் பக்கம் போனால் அங்கே ஒரு பள்ளி, ஆவடிக்குப் போனால் அங்கே ஒன்று. பையன் விட்டு வந்த பள்ளியில் பின்னம் இன்னும் தொடங்கவில்லை. இவன் வந்து சேர்ந்த பள்ளியில் அது போன மாதமே முடிந்துவிட்டது. எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தக் கூடாது என்பதால் பின்னம் தெரியாமலே ஒன்பதுக்கு வந்துவிடுவான். நிறுத்தியிருந்தால் கற்றிருப்பான் என்று நான் சொல்லவில்லை. நிறுத்தியிருந்தால் மண்டபத்துக்குப் போயிருப்பான்.

பி.எட். படித்தபோது கோல்மன் அறிக்கை என்று ஒரு பாடம். 1966-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளர் தலைமையில், சுமார் ஆறு லட்சம் மாணவர்களை வைத்துச் செய்தது. பள்ளிக்குச் செய்கிற செலவைவிடக் குடும்பப் பின்னணியே மதிப்பெண்ணோடு அதிகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று கண்டார்கள். நல்ல படிப்பு, தப்பான கைக்குப் போய்விட்டது. அந்தப் பெயரே தெரியாத ஆசிரியர்கள்கூட "நமக்கு வர்ற பசங்க அப்படி" என்று தேநீர் குடிப்பதைப் பார்த்திருக்கிறேன். அதே அறிக்கை, வசதி குறைந்த பிள்ளைகளுக்குத்தான் பள்ளியின் தரம் அதிக வித்தியாசம் செய்கிறது என்றும் சொன்னது. அந்தப் பக்கத்தை யாரும் மனப்பாடம் செய்வதில்லை.

சரி, பின்னமே தெரியாதவனைக் கணக்கில் எப்படித் தேற்றுவது? இதில் எனக்குக் கொஞ்சம் கைப்பழக்கம் உண்டு. தேர்ச்சிக்கு 35. வினாத்தாளில் முதல் பதினான்கும் ஒரு மதிப்பெண். அவற்றில் பெரும்பாலானவை புத்தகத்தில் பாட முடிவில் இருப்பவைதான். கடைசி இரண்டு கேள்விகள் செய்முறை வடிவியலும் வரைபடமும், எட்டும் எட்டும் பதினாறு. பதினாறும் பதினான்கும் முப்பது. இன்னும் ஐந்து வேண்டும். முதல் பாடத்தில் கார்ட்டீசியன் பெருக்கல் இருக்கிறது, அணிகளில் கூட்டல் இருக்கிறது. முப்பத்தைந்து வந்துவிட்டது. நவம்பரிலிருந்து எங்கள் வகுப்பில் இதுதான் நடக்கும். மெல்லக் கற்போர் என்று அரசுத் தாளில் எழுதுவோம். வாய்ப்பேச்சில் 'ஸ்லோ லேர்னர்ஸ்'. அவர்களைத் தனியே உட்காரவைத்து, ஒத்த முக்கோணம், தொடுகோடு, உச்சிக்கோணமும் குத்துயரமும் கொடுத்த முக்கோணம் என்று கை தானாகப் போகும்வரை வரையவைப்பது.

வரைவதிலும் ஒரு சிக்கல் உண்டு. அரசு கொடுக்கிற கணித உபகரணப் பெட்டி ஜூலையில் பளபளவென்று இருக்கும். டிசம்பரில் காம்பஸின் திருகாணி தளர்ந்துவிடும். வட்டம் போட்டால் தொடங்கிய இடத்தில் வந்து சேராமல் ஒரு நூல் தள்ளிப் போகும். பையன் பதறுவான், தனக்கு வட்டமே வராது என்று நினைப்பான். மடித்த பஸ் டிக்கெட்டைத் திருகாணி இடுக்கில் செருகினால் காம்பஸ் இறுகிவிடும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு மாணவன்தான், டூவீலர் மெக்கானிக் கடையில் நிற்பவன். அந்த வருஷத்திலிருந்து பஸ் டிக்கெட்டைத் தூக்கிப் போடாமல் கைப்பையில் சேர்த்து வைப்பேன். பெண்களுக்குப் பஸ் இலவசமான பிறகும் டிக்கெட் கொடுக்கிறார்கள், நல்லவேளை.

இந்த முப்பத்தைந்துக் கணக்கில் எனக்குப் பெருமையும் உண்டு, வெட்கமும் உண்டு. தொண்ணூறு வாங்கக்கூடிய நாலு பிள்ளைகள் அதே அறையில் உட்கார்ந்து, நான் எட்டாவது முறையாகத் தொடுகோடு வரைவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருத்தி கேட்டேவிட்டாள்: "மிஸ், எங்களுக்கு எப்ப மிஸ் நடத்துவீங்க?"

ஆய்வுக் கூட்டத்தில் இதெல்லாம் எடுபடாது. அங்கே ஒரே ஒரு எண்தான். மாநிலத்தின் அரசுப் பள்ளிகள் 2025-இல் 91.26 சதவீதம் எடுத்தன. அதற்குக் கீழே போன பள்ளிக்காரர்களை எழுப்பி நிற்கவைப்பார்கள். 2017-இல் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தினார்கள், பிள்ளைகளுக்கு நல்லதாயிற்று. பள்ளிகளுக்கு அப்படி ஒரு நிம்மதி வரவில்லை. அந்த எண்ணை ஏற்ற இரண்டு வழி. ஒன்று மேலே இருக்கிற எண்ணிக்கையைக் கூட்டுவது, அதாவது பாடம் நடத்துவது. இன்னொன்று கீழே இருக்கிற எண்ணிக்கையைக் குறைப்பது. நாற்பது பேரில் முப்பத்தாறு பேர் தேறினால் 90. அந்த நாலு பேரில் இரண்டு பேர் பட்டியலிலேயே இல்லையென்றால் முப்பத்தெட்டில் முப்பத்தாறு, 94.7. ஒரு வரி பாடம் நடத்தவில்லை. அந்தப் பட்டியலான நாமினல் ரோலை அனுப்புவதற்கு முன்னால் நீண்ட நாள் வராதவர்களின் வீட்டுக்குப் போய், 'டி.சி. வாங்கிக்கோங்க, அப்புறம் தனித்தேர்வராக எழுதலாம்' என்று சொன்னால் போதும்.

இதை அடுத்தவர் செய்ததாக எழுதினால் எனக்குச் சௌகரியம். நானே செய்தேன்.

2021 ஜனவரி 19. கொரோனாவுக்குப் பிறகு பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பள்ளி திறந்த நாள். பத்து மாத இடைவெளி. வகுப்பில் மீசை முளைத்த முகங்களைப் பெயர் சொல்லி அடையாளம் காண வேண்டியிருந்தது. ஒருவன் வரவில்லை. என் நோட்டில் அவன் வரி: வாடகை, நான்காவது பள்ளி, எழுப்புவது யாருமில்லை, அம்மா காலை ஷிப்ட், தண்ணீர் கேன். ஒரு வாரம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். வண்டியில் கேன் அடுக்கிக்கொண்டிருந்தான். அப்பா கொரோனா முதல் அலையில் வேலை இழந்து ஊருக்குப் போனவர், திரும்பவில்லை. "படிச்சா பாஸாவேனா மிஸ்?" என்று கேட்டான். ஆவாய் என்று சொல்லியிருக்க வேண்டும். என் தலையில் முப்பத்தைந்துக் கணக்கு ஓடியது. அதற்குக்கூட மாதங்கள் போதாது என்று தோன்றியது. "இந்த வருஷம் கஷ்டம்பா. டி.சி. வாங்கிக்கோ. அடுத்த வருஷம் பிரைவேட்டா எழுதலாம்" என்றேன். அவன் அம்மா மறுநாள் வந்து, எங்கே காட்டினோமோ அங்கே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

பிப்ரவரி 25 அன்று சட்டமன்றத்தில் அன்றைய முதல்வர் பழனிசாமி, ஒன்பது, பத்து, பதினோராம் வகுப்புகளுக்குத் தேர்வில்லாமலே அனைவரும் தேர்ச்சி என்று அறிவித்தார். பட்டியலில் பெயர் இருந்தால் போதும். மதிப்பெண்ணே போடாமல் 'தேர்ச்சி' என்று மட்டும் அச்சடித்த சான்றிதழ் எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் வந்தது, அதுவரை ஒரு மாதிரித் தேர்விலும் பத்தைத் தாண்டாதவர்களுக்கும்.

தலைமையாசிரியர் அறைக்குப் போய்க் கேட்டேன். டி.சி. எழுதியது எழுதியதுதான், தேதியை மாற்ற முடியாது என்றார். நோட்டில் அவனுடைய கடைசிக் கட்டத்தை நான் நிரப்பவில்லை. அதற்கு அப்புறம் அந்த நோட்டில் எழுதவும் தோன்றவில்லை.

2025 மே மாதம் ஓய்வு பெற்றேன். மே 16 அன்று வந்ததுதான் என் கடைசி ரிசல்ட். ஒரு மாதம் கழித்து வீட்டு வாசலில் ஓர் அம்மா. முதலில் அடையாளம் தெரியவில்லை. அன்றைக்கு டி.சி.க்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன அதே அம்மா. கையில் செல்போன், மின் கம்பத்தில் ஒட்டியிருந்த ஒரு நோட்டீஸைப் படம் எடுத்து வந்திருந்தார். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் போனால் சுவர் முழுக்கப் பார்க்கலாம். ஆட்கள் தேவை. பேருந்து வசதி, உணவு உண்டு. தகுதி: 10 பாஸ் / பெயில்.

"பெயிலானா கூடப் பரவாயில்லையாம் மிஸ், மார்க் ஷீட்டு இருந்தா போதுமாம். எம் பையனுது ஸ்கூல்ல இருக்கும்ல?"

அவனுக்குப் பெயிலான மார்க் ஷீட்டும் இல்லை என்பதை அந்த அம்மாவுக்குப் புரியவைக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. எழுதியிருந்தால்தானே பெயில்? கோபப்படுவார் என்று காத்திருந்தேன். "அப்ப என்ன மிஸ் பண்றது?" என்று மட்டும் கேட்டார்.

நேரடித் தனித்தேர்வராக எழுதலாம். முதலில் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குப் பதிவு செய்ய வேண்டும், அந்த வகுப்புக்குப் போக வேண்டும், பிறகு தேர்வுக்கு விண்ணப்பம். எல்லாத் தேதிகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, பையனை ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அவனே போன் செய்தான். குரல் கட்டையாக மாறியிருந்தது. இப்போது கேட்டரிங்கில் சூப்பர்வைசராம். "மிஸ், ஞாயித்துக்கெழம முகூர்த்தம். பத்துப் பசங்கள நாந்தான் கூட்டிட்டுப் போகணும். திங்க வரட்டா?"

அந்தப் பத்துப் பையன்கள் எந்தப் பள்ளி என்று கேட்க வாயெடுத்து, கேட்கவில்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வந்தான். நோட்டு வாங்கி வந்திருந்தான், காம்பஸ் கொண்டு வரவில்லை. என்னுடையதைக் கொடுத்து, மூன்று சென்டிமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போடச் சொன்னேன்.